அணையாத சுவிட்ச்

இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்தாற்போல் இருக்கிறது கணையம். அங்கே புற்றுநோய் வந்தால், பெரும்பாலும் முற்றிய பிறகுதான் தெரியவருகிறது. அந்தக் கட்டிகளில் 90 சதவீதத்துக்கும் மேலானவற்றில் கே-ராஸ் என்ற ஒரே மரபணு கெட்டுப்போயிருக்கிறது!

கே-ராஸ் புரதம், செல்லின் சவ்வில் உள்பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு சுவிட்ச். வெளியிலிருந்து 'வளரலாம்' என்று சேதி வந்தால் எரியும். வேலை முடிந்ததும் அணையும். அதன் 12ஆவது இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலம் மாறிவிட்டால் போதும், அணையவே மாட்டேன் என்கிறது. சேதி ராஃப், மெக், எர்க் என்று புரதங்களிடையே கைமாறி உட்கருவுக்குள் போகிறது. அங்கே மிக் என்னும் புரதம் சிதையாமல் நிலைத்து, செல் பெருகுவதற்கான மரபணுக்களை ஓயாமல் முடுக்குகிறது. யாரும் கேட்காத வளர்ச்சி.

மருந்து போய் ஒட்டிக்கொள்ள இந்தப் புரதத்தில் குழியே இல்லை என்று ஆய்வாளர்கள் பல காலம் கைவிட்டிருந்தார்கள். 2013இல் அமெரிக்காவில் கெவன் ஷோகட் குழுவினர் ஒரு குழியைக் காட்டினார்கள். 2021இல், அந்தக் குழியில் ஒட்டிக்கொள்ளும் சோட்டோராசிப் மாத்திரைக்கு அந்நாட்டில் அனுமதி கிடைத்தது, நுரையீரல் புற்றுநோய்க்கு. அது பிடிப்பது, அந்த 12ஆவது இடத்தில் வரும் ஜி12சி என்ற மாற்றத்தை. கணையப் புற்றில் அது நூற்றுக்கு ஒருவர் இருவரிடம்தான். அங்கே அதிகம் காணப்படுவது ஜி12டி. அதைக் குறிவைக்கும் மருந்துகளை இப்போது நோயாளிகளிடம் சோதித்துவருகிறார்கள்.