எங்கள் துயரத்துக்கு நாங்களும் துணை

(அக்கராயனில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



இப்படியான மேடைகளில் ஏறுகிறவர்கள் தங்கள் படிப்பையும் பதவியையும் சொல்லித் தொடங்குவது வழக்கம். எனக்குள்ள தகுதி ஒன்றுதான். நான் மனவருத்தத்துக்கு வைத்தியம் எடுத்தவள். வார்டில் கிடந்தவள். கிளினிக் கொப்பியோடு விடியப்புறம் பஸ் ஏறியவள். அந்தத் தகுதியில்தான் இங்கே நிற்கிறேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நான் கேட்க வந்தது இதுதான். மனம் நொந்தவர்களுக்கு என்ன செய்வது என்று முடிவெடுக்கிற இடத்தில் மனம் நொந்தவர்களும் இருக்க வேண்டும். அந்தத் துன்பத்துக்குள்ளால் வந்தவர்களே கூடி இருந்து ஒருவருக்கொருவர் துணை நிற்கிற வேலையை ஊரும் ஆஸ்பத்திரியும் அரசும் மதிக்க வேண்டும்.

இது புதுமையான கோரிக்கை என்று யாரும் நினைக்க வேண்டாம். சிறுபோகம் தொடங்க முன்னம் அக்கராயன் குளத்துக்குக் கீழே வயல் உள்ளவர்களைக் கூட்டித்தானே பேசுகிறீர்கள்? குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்தத் தேதியில் துருசு திறப்பது என்று நீர்ப்பாசனப் பொறியியலாளர் தன் கணக்கைச் சொல்வார். கமக்காரர் எழும்பித் தங்கள் கணக்கைச் சொல்வார்கள். கடைசி வாய்க்காலில் வயல் உள்ளவனும் எழும்பிச் சத்தம் போடுவான். பொறியியலாளர் படித்தவர் என்பதற்காகக் கமக்காரனை வெளியே நிற்பாட்டிவிட்டு முடிவெடுக்க முடியுமா? ஊர் விடாது. ஆனால் மனவருத்தக்காரருடைய உடம்பு, அவருடைய நித்திரை, அவருடைய பிள்ளைகள், அவருடைய மிச்ச வாழ்க்கை என்று வந்தால், அவரைத் தவிர எல்லாரும் கூடி முடிவெடுக்கிறார்கள்.

கிளினிக்கில் நடப்பது உங்களில் பலருக்குத் தெரியும். காலைமை ஐந்து மணிக்கு எழும்ப வேண்டும். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட வேண்டும். நம்பர் எடுத்து வாங்கில் குந்தியிருக்க வேண்டும். தெரிந்த முகம் வந்தால் சீலைத்தலைப்பால் கொப்பியை மூட வேண்டும். பத்து மணி தாண்டி உள்ளே போனால், நித்திரை வருகுதா, சாப்பிடுகிறீர்களா, அதே மருந்தைப் போடுங்கோ, அடுத்த மாதம் வாங்கோ. அவ்வளவும் ஓரிரண்டு நிமிடம். நான் டொக்டரைக் குறை சொல்லவில்லை. வெளியே நூறு பேர் காத்திருக்கிறபோது அவர் என்ன செய்வார்? ஆனால் நான் கிடந்த ஒரு வார்டில் என்ன குளிசை தருகிறீர்கள் என்று கேட்டதற்கு, கேள்வி கேட்பதே வருத்தத்தின் அறிகுறி என்று எழுதிவைத்தார்கள். கை நடுங்கியது, நாக்குத் தடித்தது. அது மருந்தால் வருவது, டொக்டரிடம் சொன்னால் மாற்றித் தருவார் என்று எனக்குச் சொல்லித் தந்தது யார்? பக்கத்துக் கட்டிலில் கிடந்த அக்கா. ஐந்து வருசமாக அதே மருந்தை விழுங்கியவ. அவ சொன்ன பிறகுதான் எனக்குப் பயம் தெளிந்தது. அந்த அக்காவின் அறிவுக்கு எந்த ஆஸ்பத்திரியில் கதிரை போட்டிருக்கிறார்கள்?

எங்களை ஆளுகிற சட்டத்தைப் பாருங்கள். மனநோயாளரைப் பற்றிய இலங்கையின் சட்டம் 1873ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் எழுதியது. 1956இல் திருத்தினார்கள். புதிய சட்டம் வருகிறது, வருகிறது என்று எத்தனையோ வருசமாகச் சொல்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை 2016இல் இலங்கை ஏற்றுக் கையெழுத்தை உறுதி செய்தது. மனநல மாற்றுத்திறனாளிகளுக்கும் மற்றவர்களுக்குச் சமமான சட்ட உரிமை உண்டு என்று அந்த உடன்படிக்கை சொல்கிறது. உலகத்துக்கு முன்னால் அதற்கு ஒப்புக்கொண்டவர்கள் ஊருக்குள் 1873ஐ வைத்து எங்களை ஆள்கிறார்கள்.

அரசைத் திட்டுவது எங்களுக்கு வசதி. ஊரையும் சொல்ல வேண்டும். கடலுக்கு அங்கால், இராமநாதபுரம் ஏர்வாடியில், 2001 ஓகஸ்ட் 6ஆம் தேதி விடியப்புறம் ஒரு மனநல விடுதி தீப்பிடித்தது. தர்காவுக்கு நேர்ந்து கொண்டுவந்து விட்டவர்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். ஓட முடியாமல் 28 பேர் செத்தார்கள். அதைக் கேட்டு உச்சுக்கொட்டுகிற நாங்கள், எங்கள் வளவுக்குள் பாருங்கள். மாட்டுக் கொட்டில் பக்கம் காலில் கயிறோடு ஒரு பிள்ளை இருக்கிற வீடு இந்த வன்னியில் இல்லையா? கட்டின தாய் கொடுமைக்காரியும் இல்லை. அவ வேலைக்குப் போக வேண்டும், பிள்ளை ஏ9 வீதிக்கு ஓடிவிடும், பார்க்க ஆளில்லை. அவவுக்கு ஒரு மணித்தியாலம் ஆள் நிற்க ஊரில் யாரும் வரவில்லை, ஆனால் “விசர்” என்று கூப்பிட முழு ஊரும் வந்தது.

இனி, வன்னிக்கே உரிய விசயத்துக்கு வருகிறேன்.

1996இல் கிளிநொச்சி விழுந்தபோது அந்த நகரத்து ஆஸ்பத்திரி இடம்பெயர்ந்து இந்த அக்கராயன் மண்ணில்தான் இயங்கியது. பிறகு 2008இல் நீங்களே இங்கிருந்து எழும்பி, இடம் இடமாக ஓடி, முள்ளிவாய்க்கால் வரை போய், செட்டிக்குளம் முகாம் முட்கம்பிக்குள் வந்து சேர்ந்தீர்கள். யுத்தம் முடிந்த 2009 மே மாதத்துக்குப் பிறகு வடக்குக்கென்று அமைத்த ஜனாதிபதி செயலணியின் அனுமதி இல்லாமல் எந்த நிறுவனமும் வன்னிக்குள் வேலை செய்ய ஏலாமல் இருந்தது. வீடு கட்ட வருகிறோம் என்றால் விட்டார்கள். கிணறு இறைக்க வருகிறோம் என்றால் விட்டார்கள். சனத்தின் மனக்காயத்தோடு வேலை செய்ய வருகிறோம் என்றவர்களுக்குத்தான் அனுமதி கிடைக்கவில்லை. ஏன்? மனம் திறந்தால் வாய் திறக்கும். வாய் திறந்தால் நடந்தது வெளியே வரும். இறந்த பிள்ளைக்கு விளக்கு வைக்கவும் விடவில்லை. பிள்ளைகளைப் புதைத்த கனகபுரம் துயிலும் இல்லத்தை இடித்து நிரவினார்கள். 2016 கார்த்திகையில்தான் தாய்மார் அங்கே திரும்பப் போய் விளக்கேற்ற முடிந்தது. அழுவதற்கு ஏழு வருசம் தடை. பிறகு அதே சனத்திடம் வினாக்கொத்துக் கொண்டுவந்து, கடந்த இரண்டு கிழமையில் உங்களுக்கு எத்தனை நாள் கவலையாக இருந்தது என்று கேட்கிறார்கள்!

பேராசிரியர் தயா சோமசுந்தரம் யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் சனத்துக்கு வைத்தியம் பார்த்த மனநல வைத்தியர். காயப்பட்டது ஆளாளாக மட்டும் இல்லை, குடும்பம், அயல், ஊர் என்று சமூகமே சேர்ந்து காயப்பட்டிருக்கிறது என்று அவர் திரும்பத் திரும்ப எழுதினார். சமூகமாகப் பட்ட காயத்தைத் தனித்தனி கொப்பியில் எழுதித் தனித்தனிக் குளிசையால் ஆற்ற முடியாது என்பதுதான் அதிலிருந்து நான் படித்தது.

கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடிக்குப் போய்ப் பாருங்கள். 2017 பெப்ரவரி 20ஆம் தேதி காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் பதில் கேட்டு அங்கே கொட்டகை போட்டுக் குந்தினார்கள். அதே மாதம் வவுனியா, அடுத்த மாதம் முல்லைத்தீவு. 2022 ஓகஸ்ட்டில் இரண்டாயிரம் நாள் கடந்தது. எத்தனையோ தாய் தகப்பன்மார் பிள்ளையைக் காணாமலே செத்துப்போனார்கள். நான் அந்தக் கொட்டகைக்குள் இருந்திருக்கிறேன். ஒரு அம்மா தன் மகனின் படத்தைச் சீலைத்தலைப்பால் துடைத்துவிட்டு, பக்கத்து அம்மாவின் மகனின் படத்தையும் எடுத்துத் துடைக்கிறா. பிரஷர் குளிசை போட்டாச்சா என்று ஆளுக்காள் கேட்கிறார்கள். ஒருத்தி இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் ஆள் தேடிப் போகிறது. ஒருத்திக்கு நெஞ்சு அடைத்துப் பெருமூச்சு வந்தால் மற்றவ முதுகைத் தடவுகிறா. என்ன நடந்தது என்று கேட்கத் தேவையில்லை. எல்லாருக்கும் நடந்தது ஒன்றுதான். எந்தக் கவுன்சிலிங் அறைக்குள் இது கிடைக்கும்?

அவர்களைப் பார்த்துத்தான் மனதைத் தேற்றுங்கோ, மரணச் சான்றிதழை எடுங்கோ, வாழ்க்கையைப் பாருங்கோ என்கிறார்கள். மகன் எங்கே என்று கேட்பது நோயா? யுத்தத்தின் முடிவில் இராணுவத்திடம் கையால் ஒப்படைத்த பிள்ளையைக் கேட்கிறவவுக்கு நித்திரை வராதுதான். அவவுக்கு நித்திரைக்கு மருந்து கொடுங்கள், வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஆனால் கேள்விக்கு மருந்து கொடுக்காதீர்கள். கேள்விக்குப் பதில் கொடுங்கள்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், பிழையாக விளங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகக்கூடாது. யாரும் நாளைக்கே மருந்தை நிறுத்த வேண்டாம். திடீரென்று நிறுத்துவது ஆபத்து. நானும் இன்றைக்கு வரைக்கும் ஒரு குளிசை போடுகிறேன். மருந்து தேவைப்படுகிற ஆளுக்கு மருந்து வேண்டும். அது என்ன மருந்து, எவ்வளவு காலத்துக்கு, வேறு வழி உண்டா என்று கேட்கிற உரிமையும் வேண்டும்.

ஆனால் எல்லா மனவருத்தமும் குளிசையால் தீராது. கடனைப் பாருங்கள். கிழமைக்குக் கிழமை படலையில் வந்து நின்ற நுண்கடன்காரரால் நெஞ்சு படபடத்த பெண்களுக்கு எந்தக் குளிசை வேலை செய்தது? பெண்கள் தெருவுக்கு வந்து சத்தம் போட்ட பிறகு, 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்கள் எடுத்த ஒரு லட்சத்துக்கு உட்பட்ட கடன்களில் ஒரு பகுதியை அரசு ஏற்றுக்கொண்டது. படலையில் ஆள் நிற்காத கிழமை அவர்களுக்கு நித்திரை வந்தது. இன்னொன்று. தொண்ணூறுகளின் நடுவில் தற்கொலையில் உலகத்திலேயே முன்னுக்கு நின்ற நாடுகளில் ஒன்று இலங்கை. 1995இல் மிகக் கொடிய பூச்சிநாசினிகளையும் 1998இல் எண்டோசல்பானையும் தடைசெய்தார்கள். பத்து வருசத்துக்குள் தற்கொலை வீதம் ஏறக்குறைய அரைவாசியாக விழுந்தது. யாருடைய மண்டையையும் திருத்தாமல், கடைத் தட்டில் இருந்த போத்தலை எடுத்ததால் ஆயிரக்கணக்கான உயிர் தப்பியது.

மனம் நொந்தவர்களுக்குத் துணை நிற்கிற வேலையைப் படிக்காத சனம் செய்யுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. சிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல வைத்தியர் 2006இல் கிழவிகளைப் பழக்கி, சுகாதார நிலைய வளவில் மரவாங்குகளைப் போட்டு, மனம் நொந்து வருகிறவர்களோடு இருத்தினார். பத்து வருசம் கழித்து முறையாக ஆய்வு செய்து பார்த்தார்கள். வழமையான கவனிப்பைப் பெற்றவர்களைவிட அந்தப் பாட்டிமாரோடு கதைத்தவர்களே கூடுதலாகத் தேறியிருந்தார்கள். நெதர்லாந்தில் 1987இல் குரல் கேட்கிற பெண் ஒருத்தியும் அவவின் வைத்தியரும் தொலைக்காட்சியில் தோன்றி, உங்களுக்கும் குரல் கேட்கிறதா என்று கேட்டார்கள். நூற்றுக்கணக்கானோர் தொடர்புகொண்டார்கள். அவர்களில் பலர் எந்த வைத்தியரிடமும் போகாமல் அந்தக் குரல்களோடு தங்கள் பாட்டில் வாழ்ந்துகொண்டிருந்தவர்கள். அப்படித் தொடங்கியதுதான் இன்றைக்குப் பல நாடுகளில் குரல் கேட்பவர்களே நடத்துகிற குழுக்களாக வளர்ந்திருக்கிறது.

தூர தேசமும் வேண்டாம். செட்டிக்குளம் முகாமுக்குள் இடம்பெயர்ந்த சனத்திலிருந்தே இளம்பிள்ளைகளைத் தெரிந்து பழக்கித்தான் மனநல வேலை நடந்தது. கூடாரம் கூடாரமாகப் போய்ப் பேசியவர்களும் அதே வரிசையில் தண்ணீருக்கு நின்றவர்கள்தான். மாங்குளத்தில் உயிரிழை இருக்கிறது. முள்ளந்தண்டில் காயப்பட்டு இடுப்புக்குக் கீழே இயங்காதவர்கள் தாங்களே சேர்ந்து நடத்துகிற அமைப்பு. படுக்கைப்புண்ணை எப்படிப் பார்ப்பது என்று புதிதாக வருகிறவனுக்குச் சக்கர நாற்காலியில் இருக்கிறவன் சொல்லிக்கொடுத்தால் அதில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. முதுகெலும்புக்கு முடிந்தது மனதுக்கு முடியாதா?

ஆகவே கோரிக்கைகளைச் சொல்கிறேன், பிரதேச செயலகத்துக்குக் கொடுக்கிற மனுவில் இவைதான் இருக்கும். கிளினிக் நாளில் வைத்தியம் எடுத்துத் தேறிய ஒருவர் அங்கே சம்பளத்தோடு இருக்க வேண்டும். இலவசத் தொண்டு என்று எங்கள் உழைப்பை உறிஞ்ச வேண்டாம். மாவட்டத்தில் மனநலம் பற்றிப் பேசுகிற ஒவ்வொரு கூட்டத்திலும் எங்களில் இருவருக்காவது வாக்குள்ள இடம் வேண்டும். மருந்தின் பெயரும் பக்கவிளைவும் தமிழில் எழுதித் தரப்பட வேண்டும். 1873ஆம் ஆண்டுச் சட்டம் போக வேண்டும், புதிய சட்டத்தை எங்களைக் கேட்டு எழுத வேண்டும்.

அரசு தரும் வரை நாங்கள் காத்திருக்கப்போவதில்லை. வருகிற சனிக்கிழமை பின்னேரம் சனசமூக நிலையத்தில் கூடுகிறோம். கொப்பி தேவையில்லை, வருத்தத்தின் பெயர் தேவையில்லை. கதைக்க விருப்பமில்லாவிட்டால் கதைக்காமல் இருந்துவிட்டுப் போகலாம். அங்கே கேட்டது அங்கேயே நிற்கும். யாருக்காவது உயிரை விடுகிற எண்ணம் வந்தால் தனிய விடமாட்டோம், கூட இருப்போம், ஆஸ்பத்திரிக்கும் கூட வருவோம்.

யாருடைய வீட்டிலாவது கட்டிவைத்த பிள்ளை இருந்தால், கூட்டம் முடிய மேடைக்குப் பின்னால் வந்து எங்களில் ஒருவரிடம் சொல்லுங்கள். பெயர் எழுதமாட்டோம், பொலிசுக்குச் சொல்லமாட்டோம், ஏன் கட்டினாய் என்று கேட்கமாட்டோம். கிழமையில் எந்த நாள், எத்தனை மணிக்கு உங்களுக்கு ஆள் தேவை என்பதை மட்டும் சொல்லுங்கள். முறை போட்டு வருகிறோம்.