பந்தய பெல்ட்டும் கார் இருக்கையும்

கார் வடிவமைப்பாளர் கரிவர்தன் பெயரால் விளங்கும் கோவை செட்டிபாளையத்துப் பந்தயக் களத்தில் ஓட்டும் ஆவலால், சாலைக் காரின் இருக்கையிலேயே பந்தய பெல்ட்டைப் பூட்ட விழைவோர் உளர். அவர்களுக்கு ஒன்று கூறுவேன்.

1959-இல் வால்வோ நிறுவனத்தின் நீல்ஸ் போலின் அமைத்த மும்முனை பெல்ட், மார்பையும் இடுப்பெலும்பையும் தாங்குகிறது. நான்குமுனைப் பந்தய பெல்ட்டிலோ, மோதலின்போது தோள்வார்கள் இடுப்புவாரை மென்மையான வயிற்றின்மேல் இழுத்துவிடக்கூடும். அதைத் தடுக்கத் தொடைகளுக்கிடையே இன்னொரு வார் வேண்டும்; சாதாரண இருக்கையில் அதற்குத் துளையில்லை. தோள்வார்களைப் பின்புறத் தரையில் பிணைத்தாலோ, அவை முதுகெலும்பைக் கீழ்நோக்கி அழுத்தும்.

இருக்கை, வார், பிணைப்பிடம் மூன்றும் சேர்ந்ததே காப்பு. மாற்றுவதாயின் மூன்றையும் மாற்றுக. இல்லையேல் காருடன் வந்த பெல்ட்டையே அணிக.