வயிற்றில் சேரும் வெண்ணீர்

(ஆதரவாளர் கூடுகையில் எங்கள் மருத்துவக் குழுவினர் அளித்த உரை)



லூக்கா சுவிசேஷம் 14ஆம் அதிகாரத்தில், நம் ஆண்டவர் நீர்க்கோவை வியாதியுள்ள ஒரு மனிதனை ஓய்வுநாளில் சுகமாக்கியதை வாசித்திருக்கிறீர்கள். வயிற்றில் நீர் கோத்து வருகிறவர்களை எங்கள் வார்டுகளில் அடிக்கடி பார்க்கிறோம். கிராமங்களில் இதை மகோதரம் என்பார்கள். பெரும்பாலும் அந்த நீர் வைக்கோல் நிறமாக, தெளிவாக இருக்கும். அபூர்வமாக ஒருவருக்கு ஊசியில் இழுக்கும்போது பால்போல் வெள்ளையாக வரும். அதைப்பற்றித்தான் இன்று சொல்ல விரும்புகிறோம்.

பார்த்த உறவினர் சீழ் என்று பயந்துவிடுகிறார்கள். அது சீழ் அல்ல, நோயாளி சாப்பிட்ட சாப்பாடு. நாம் உண்ணும் எண்ணெயும் நெய்யும் ஜீரணமானபின் நேரே இரத்தத்துக்குப் போவதில்லை. சிறுகுடலின் நுண்ணிய நிணநீர்க் குழாய்கள் அவற்றை உறிஞ்சி, மார்பின் வழியே ஏறும் பெரிய குழாய் ஒன்றில் சேர்க்க, அது கழுத்தடியில் இரத்தத்தோடு கலக்கிறது. 1622இல் இத்தாலிய மருத்துவர் காஸ்பரோ அசெல்லி, தீனி தின்றிருந்த ஒரு நாயின் வயிற்றில் இவற்றை வெள்ளை நூல்களைப்போலக் கண்டார். ஒன்றைக் கீறியதும் பால்போன்ற நீர் கசிந்தது.

இந்தக் குழாய்கள் அடைபட்டாலோ கிழிந்தாலோ நீர் வயிற்றுக்குள் இறங்குகிறது. மேலை நாடுகளில் புற்றுநோயும் கல்லீரல் சுருக்கமும் முக்கிய காரணங்கள். நம் பக்கத்தில் காசநோயை மறக்கவே கூடாது. யானைக்கால் நோயும் காரணமாகலாம். வயிற்று ஆபரேஷனுக்குப் பின் வருவதுண்டு. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இந்தக் கோளாறு இருக்கும்.

நீரை லேபுக்கு அனுப்பி டிரைகிளிசரைடு பார்க்கிறோம். 100 மில்லியில் 200 மில்லிகிராமுக்கு மேலிருந்தால் ஏறக்குறைய உறுதி. அது எளிது. காரணத்தைத் தேடுவதில்தான் நாட்கள் போகின்றன: ஸ்கேன், நெறிக்கட்டியிலிருந்து சதைப் பரிசோதனை, காசநோய்க் கிருமிக்கான சோதனை.

"தண்ணியை இறக்கிவிட்டு அனுப்பிடுங்க டாக்டர்" என்று குடும்பத்தார் கேட்பார்கள். மூச்சு முட்டும்போது இறக்கத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு முறையும் புரதமும், நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களும் சேர்ந்தே போய்விடுகின்றன. வயிறு பெருத்துக்கொண்டிருக்க, கைகால்கள் குச்சியாகின்றன.

பீடி சுற்றும் குடும்பத்திலிருந்து ஒரு இளம் சகோதரி இப்படி வந்தார். கலியாணமாகாத பெண்ணுக்கு வயிறு பெருத்தால் ஊர் என்ன பேசும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நோயைவிட அந்தப் பேச்சுதான் அவரை அதிகம் வாட்டியிருந்தது. பரிசோதனையில் காசநோய் என்று தெரிந்ததும், அவர் தாயார் முதலில் அக்கம்பக்கத்தாரிடம்தான் போய்ச் சொன்னார்!

அதற்கு மருந்து, குறைந்தது ஆறு மாதம். கூடவே கொழுப்பில்லாத, புரதம் மிகுந்த உணவு: முட்டை வெள்ளைக்கரு, பருப்பு, ஆடை நீக்கிய பால். கொழுப்புக்குப் பதிலாக எம்.சி.டி. என்ற தனி எண்ணெய். இது நிணநீர்க் குழாய்க்குள் போகாமல் நேரே கல்லீரலுக்குப் போகிறது. தேங்காய் எண்ணெய் ஆகாதா என்று பலர் கேட்கிறார்கள். அதில் இந்த வகை கொஞ்சமே உண்டு, ஈடாகாது. இவற்றால் கசிவு நிற்காதவர்களுக்கு ஆக்ட்ரியோடைடு ஊசி, இரத்தக்குழாய் வழியே உணவு, கடைசியாக ஆபரேஷன்.

காசநோய் மாத்திரையை அரசாங்கம் இலவசமாகத் தருகிறது. சத்துணவுக்கு 2018 முதல் மாதம் 500 ரூபாயும், 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயும் அறிவித்தது. அந்த எண்ணெய் விலைக்கும், துணைக்கு இருப்பவரின் சாப்பாட்டுக்கும், பஸ் கூலிக்கும் அது எட்டாது. பாதியில் வீட்டுக்குப் போகிறவர்கள் மருந்து வேண்டாமென்று போவதில்லை. கூலி போகிறதே என்றுதான் போகிறார்கள்.

ஆபரேஷன் கருவிக்கு உங்களிடம் கேட்பது எங்களுக்குச் சுலபம். முட்டைக்கும் பருப்புக்கும் கேட்கச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் கேட்கிறோம். அந்தச் சகோதரிக்கு மூன்றாம் மாதம் நீர் சேர்வது நின்றது. இன்னும் மருந்து முடியவில்லை, அவருக்காக ஜெபியுங்கள். இவரைப் போன்றவர்களுக்காகக் காணிக்கை அனுப்புகிறவர்கள் "நோயாளர் உணவு" என்று குறிப்பிட்டு அனுப்பினால், அதைத் தனிக் கணக்கில் வைத்து ரசீது அனுப்புவோம்.