தோலின் நிறமும் மருத்துவ நூலும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



திருவண்ணாமலைத் தீபத்தின் மையை மக்கள் பக்தியோடு நெற்றியில் இட்டுக்கொள்கின்றனர். அதே ஊரில் திருமணப் பேச்செழும்போது பெண்ணின் கருநிறம் குறையாகிவிடுகிறது. இவ்விழிவுக்கு அறிவியல் துணை நிற்கிறதா என்பதையே இன்று ஆராய விரும்புகிறோம்.

மாந்தர் அனைவரின் தோலிலும் நிறமியை உண்டாக்கும் உயிரணுக்கள் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில்தான் உள்ளன. அவை ஆக்கும் மெலனின் துகள்களின் அளவும் வகையும் பரவலுமே நிறத்தை வேறுபடுத்துகின்றன. மெலனின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் குடையாகும். எனவே கருமை குறையன்று, காவல்.

1975ஆம் ஆண்டில் அமெரிக்கத் தோல் மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் ஒரு வகைப்பாட்டை அமைத்தார். சொரியாசிஸ் நோய்க்கு ஒளிச் சிகிச்சை அளிக்கையில் எவ்வளவு கதிர் செலுத்தலாம் என்று கணிக்கவே அது தோன்றியது. வெயிலில் தோல் சிவந்து வேகிறதா, கறுக்கிறதா என்பதே அதன் கேள்வி. ஆயினும், தொடக்கத்தில் அதிலிருந்த நான்கு வகைகளும் வெள்ளையர் தோலைக் கருதியே வகுக்கப்பட்டவை. பழுப்பும் கறுப்பும் ஐந்தாவது, ஆறாவது வகைகளாகப் பின்னரே சேர்க்கப்பட்டன.

அளவுகோல் யார் கையில் இருக்கிறது என்பதை நாம் மறக்கலாகாது. 1901ஆம் ஆண்டு மக்கட்கணக்கெடுப்பின் ஆணையர் ரிஸ்லி, மூக்கின் அளவைக் கொண்டு சாதிகளுக்கு வரிசை கற்பிக்க முயன்றார். தீண்டப்படாதோரின் தோற்றம் பற்றி 1948இல் வெளியிட்ட நூலில் அண்ணல் அம்பேத்கர், அத்தகைய மூக்களவுக் கணக்குகளைக் கொண்டே அக்கொள்கையை மறுத்தார்.

மருத்துவத்திலும் இத்தகைய விழிப்பு வேண்டும். நூலில் 'சிவந்த தடிப்பு' என்றிருப்பது நம் தோலில் ஊதா கலந்த பழுப்பாகத் தோன்றக்கூடும். தொழுநோயின் முதற்குறி பெரும்பாலும் சுற்றுத் தோலினும் வெளிறிய, உணர்ச்சி குன்றிய படையாகும். அதனைத் தேமல் என்று விட்டுவிட்டால் நரம்பு கெட்டு விரல் முடங்கலாம். காலத்தே கண்டறிந்தால் கூட்டு மருந்தால் குணமாகும்; அம்மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகவே கிடைக்கிறது.

மாணவச் செல்வங்களே! இந்நகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே நீங்கள் செல்லவேண்டும். நம் தோலில் நோயைப் படிக்கத் தெரிந்த கண்கள் நம்மிடையே பெருகவேண்டும். பிறர் எழுதிய நூலைக் கற்பதோடு நில்லாமல், அதில் விடுபட்ட பக்கங்களை எழுதுவோராகவும் நீங்கள் உயரவேண்டும். இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக ஏற்றிய விளக்கின் பயன் அதுவே என்று கூறி அமைகிறோம்.