அடுப்பில்லாமல் ஒரு சாக்லேட் உருண்டை

(தொடர்கல்வி மையத்தில் ஆற்றிய உரை)



மாலை நேரம். பள்ளி விட்டுப் பிள்ளைகள் வீட்டுக்கு வருகிறார்கள். அம்மா இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை. பிள்ளைகளுக்கு நல்ல பசி. கையில் 10 ரூபாய் இருக்கிறது. தெருமுனையில் பெட்டிக்கடை இருக்கிறது. கடையில் சரம் சரமாகப் பாக்கெட்டுகள் தொங்குகின்றன. ஒன்றை வாங்கிப் பிரிக்கிறார்கள். ஐந்து நிமிடத்தில் பாக்கெட் காலி. பசி அப்படியே இருக்கிறது.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. மூணாறு தேயிலைத் தோட்டத்திலும் இதுதான். பெங்களூரில் கட்டட வேலை நடக்கும் இடத்திலும் இதுதான். மும்பை தாராவியிலும் இதுதான்.

ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 10 ரூபாய். மாதத்துக்கு 300 ரூபாய். இரண்டு பிள்ளைகள் இருந்தால் 600 ரூபாய். உழைத்த காசு போகிறது. உடம்பில் என்ன சேர்கிறது?

2019-21இல் தேசியக் குடும்பநல ஆய்வு ஒன்று நாடு முழுவதும் நடந்தது. 6 மாதம் முதல் 5 வயது வரை உள்ள குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தார்கள். 100 குழந்தைகளில் 67 பேருக்கு இரத்தசோகை இருந்தது. 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100க்கு 57 பேருக்கு இருந்தது. இரத்தசோகை உள்ள பிள்ளை சீக்கிரம் களைத்துப்போகும். பாடத்தில் மனம் நிற்காது.

இதைத் தின்பண்டம் மட்டும் மாற்றிவிடாது. கீரையும் பருப்பும் முட்டையும் வேண்டும். சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையும் வேண்டும். ஆனால் மாலைப் பசிக்கு வெறும் சர்க்கரைக்குப் பதிலாகக் கொஞ்சம் சத்துள்ள பண்டம் கொடுக்கலாம். அது எந்த வீட்டிலும் முடியும்.

"என் பிள்ளை கடலை உருண்டையைத் தொடமாட்டான். சாக்லேட்தான் கேட்பான்" என்று பல தாய்மார்கள் சொல்வதுண்டு. அப்படியானால் கடலை உருண்டையையே சாக்லேட் உருண்டையாகச் செய்துவிடலாம். இதற்கு அடுப்பு வேண்டாம். அரை மணி நேரம் போதும்.

கோகோ எங்கிருந்து வருகிறது?

சாக்லேட்டுக்கு அந்த நிறத்தையும் மணத்தையும் தருவது கோகோ. கோகோ ஒரு மரம். அதன் பூர்வீகம் அமெரிக்கக் கண்டம். இப்போது நம் நாட்டிலும் வளர்கிறது. கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு ஆகிய மாநிலங்களில் தென்னந்தோப்பிலும் பாக்குத்தோப்பிலும் ஊடுபயிராக நிற்கிறது. இடுக்கி மாவட்டத்தில் பல வீட்டு முற்றங்களிலேயே கோகோ மரம் உண்டு.

கோகோவின் காய், மரத்தின் அடித்தண்டிலேயே காய்க்கும். உள்ளே வெள்ளைச் சதை மூடிய விதைகள் இருக்கும். அவற்றைச் சில நாள் புளிக்க வைப்பார்கள். பிறகு வெயிலில் காயவைப்பார்கள். வறுத்து அரைத்துக் கொழுப்பைப் பிழிந்து எடுப்பார்கள். மிஞ்சும் பிண்ணாக்கைப் பொடி செய்தால் அதுதான் கோகோ பொடி. அது இனிக்காது. கசக்கும்.

1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோகோ விலை விழுந்தது. காயை வாங்க ஆளில்லாமல் விவசாயிகள் தவித்தார்கள். அப்போது கேம்ப்கோ என்ற கூட்டுறவுச் சங்கம் அவர்களிடம் கோகோவை வாங்கியது. கர்நாடக, கேரளப் பாக்கு விவசாயிகள் 1973இல் தொடங்கிய சங்கம் அது. 1986இல் கர்நாடகத்தின் புத்தூரில் சொந்தமாகச் சாக்லேட் தொழிற்சாலையும் தொடங்கியது. விளைவித்தவர்களே ஒன்றுகூடித் தங்கள் விளைபொருளைக் காப்பாற்றிக்கொண்டார்கள்.

வேண்டிய பொருள்கள்

வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை – 300 கிராம்
பொட்டுக்கடலை – 100 கிராம்
வெல்லத் தூள் – 150 கிராம்
கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் – 100 கிராம்
இனிப்புச் சேர்க்காத கோகோ பொடி – மட்டமாக 3 மேசைக்கரண்டி
ஏலக்காய் – 3
உப்பு – ஒரு சிட்டிகை

நிலக்கடலையைச் சில ஊர்களில் வேர்க்கடலை என்பார்கள். வறுத்ததையே கடையில் வாங்கலாம். பொட்டுக்கடலையும் ஏற்கெனவே வறுத்ததுதான். அதனால்தான் அடுப்பு தேவைப்படவில்லை. பச்சைக் கேழ்வரகு மாவையோ கோதுமை மாவையோ இதில் சேர்க்கக் கூடாது. வேகாத மாவில் நோய்க்கிருமி இருக்கலாம். வயிற்றைக் கெடுத்துவிடும்.

இதில் வெல்லத்தைக் காய்ச்சி வடிகட்டுவதில்லை. ஆகவே மண்ணும் தூசும் இல்லாத வெல்லமாகப் பார்த்து வாங்க வேண்டும்.

செய்யும் முறை

முதலில் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பாத்திரங்களில் ஈரம் இருக்கக் கூடாது.

1. பொட்டுக்கடலையையும் ஏலக்காயையும் சேர்த்து மாவாக அரைத்துச் சலித்து வைக்கவும்.
2. நிலக்கடலையை விட்டுவிட்டு அரைக்கவும். உரலில் இடித்தாலும் சரி. லேசாக எண்ணெய் கசியும்போது நிறுத்தவும்.
3. பேரீச்சம்பழத்தைப் பொடியாக நறுக்கி நன்றாக நசுக்கவும்.
4. ஒரு அகலமான தட்டில் எல்லாவற்றையும் கொட்டவும். வெல்லத் தூள், கோகோ பொடி, உப்பு சேர்க்கவும்.
5. உள்ளங்கையால் அழுத்திப் பிசையவும். கடலை எண்ணெயும் பேரீச்சம்பழமும் மாவைச் சேர்த்துப் பிடிக்கும்.
6. நெல்லிக்காய் அளவுக்கு உருட்டவும். ஏறக்குறைய 30 உருண்டைகள் வரும்.

உருண்டை உதிர்கிறதா? இன்னும் இரண்டு பேரீச்சம்பழத்தை நசுக்கிச் சேர்க்கலாம். உருக்கிய நெய் ஒரு கரண்டி விடலாம். தண்ணீரோ பாலோ மட்டும் விடக் கூடாது. ஈரம் பட்டால் சீக்கிரம் கெட்டுவிடும்.

அரைப்பதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். பிசைவதையும் உருட்டுவதையும் பிள்ளைகளிடம் விடலாம். தீ இல்லாததால் பயமில்லை. தன் கையால் உருட்டியதைப் பிள்ளை விரும்பித் தின்னும்.

ஈரமில்லாத டப்பாவில் மூடி வைத்தால் ஒரு வாரம் இருக்கும். சிக்கு வாடை அடித்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

கடலையைப் பொறுக்கிப் பார்த்தே போட வேண்டும். பூசணம் பிடித்தது, சுருங்கியது, நிறம் மாறியது எதையும் சேர்க்கக் கூடாது. சில பூசணங்கள் கடலையில் நஞ்சை உண்டாக்கும். அது ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் அந்த நஞ்சு முழுதாகப் போகாது. கெட்ட கடலையை மாட்டுக்கும் வைக்கக் கூடாது. அந்த நஞ்சு பால் வழியாக வீட்டுக்கே திரும்பி வரும்.

சின்னக் குழந்தைகளுக்கு முழுக்கடலை தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அவர்களுக்குக் கடலையை நைசாக அரைத்துச் செய்த உருண்டையைச் சிறு துண்டாக்கி, உட்கார வைத்துக் கொடுக்க வேண்டும். 2 வயது ஆகாத குழந்தைக்கு இனிப்புப் பண்டமே தேவையில்லை.

சிலருக்குக் கடலை ஒத்துக்கொள்ளாது. உதடு வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஒரு உருண்டையில் சுமார் 3 கிராம் புரதம் உண்டு. ஒரு தேக்கரண்டிக்கு மேல் இனிப்பும் உண்டு. வெல்லமும் ஒரு வகைச் சர்க்கரைதான். எனவே பள்ளிப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு போதும். நீரிழிவு உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.

இதைத் தின்னும்போது டீ குடிக்க வேண்டாம். டீ, இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. கோகோவுக்கும் அந்தக் குணம் கொஞ்சம் உண்டு. அதனால்தான் அளவோடு சேர்க்கச் சொல்வது. ஒரு கொய்யாத் துண்டோ நெல்லிக்காயோ கூடவே கொடுத்தால், அதிலுள்ள வைட்டமின் சி இரும்புச்சத்து சேர உதவும்.

பாக்கெட்டைப் படித்துப் பாருங்கள்

கடையில் கோகோ பொடி என்று கேட்டால் சில நேரம் பாலில் கலக்கும் இனிப்புப் பொடியைக் கொடுத்துவிடுவார்கள். இரண்டும் ஒன்றல்ல. பாக்கெட்டின் பின்புறம் அதில் கலந்த பொருள்களின் பட்டியல் இருக்கும். எது அதிகமோ அதுதான் முதலில் இருக்கும். முதலில் சர்க்கரை என்று இருந்தால் அது சர்க்கரைப் பொடிதான்.

அந்தப் பட்டியல் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். தமிழ் படிக்கக் கற்றவருக்கு அது தெரியாமல் போகலாம். அதற்காக வெட்கப்பட வேண்டாம். கடைக்காரரைப் படித்துக் காட்டச் சொல்லலாம். பள்ளிக்குப் போகும் மகளிடம் கேட்கலாம். எண்களுக்கு யார் துணையும் வேண்டாம். தயாரித்த தேதி, கெடு தேதி, எடை, அதிகபட்ச விலை ஆகிய நான்கையும் தாமே பார்த்துவிடலாம். பார்த்த பிறகே காசைக் கொடுக்க வேண்டும்.

கணக்கு எழுதுங்கள்

ஒரு நோட்டில் கோடு போட்டு மூன்று பத்தி பிரிக்கவும். முதல் பத்தியில் பொருள், இரண்டாவதில் அளவு, மூன்றாவதில் உங்கள் ஊர் விலை. விலையைக் கூட்டி 30ஆல் வகுத்தால் ஒரு உருண்டையின் விலை தெரியும். அதைப் பாக்கெட்டின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எது லாபம் என்று உங்கள் எழுத்தே சொல்லும்.

சுய உதவிக் குழுவில் உள்ள பெண்கள் இதை விற்கவும் செய்யலாம். விற்பதென்றால் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம், 2006இன்படி முதலில் பதிவு செய்ய வேண்டும். சிறிய அளவில் செய்பவர்களுக்கும் பதிவு உண்டு. விலை வைக்கும்போது உங்கள் உழைப்புக்கும் கூலி சேர்க்க மறக்கக் கூடாது.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை செய்து பாருங்கள். டப்பாவைப் பிள்ளைக்குக் கை எட்டும் இடத்தில் வையுங்கள். திங்கட்கிழமை மாலை பசியோடு வரும் பிள்ளை பெட்டிக்கடைக்கு ஓடாது. நேரே வீட்டுக்கு வரும். அம்மா வர நேரமானாலும், அம்மா வைத்த பண்டம் அங்கே இருக்கும்.