ஓய்வு பெற்ற ஆசிரியரும் நம் பள்ளிகளும்



ஓய்வூதியம் பெறும் ஆசிரியர் மீண்டும் பள்ளிக்கு வந்து சம்பளமும் பெறுவது முறையாகுமா எனச் சிலர் வினவுகின்றனர். இதற்கான விடையை உங்கள் வாழ்விலேயே காணலாம்.

1951-இல் தொடங்கப்பெற்ற ஊழியர் சேமநிதியில் சேர்ந்த பணத்தை 55 வயதில் மீட்டுக்கொள்ளலாம். 2013 ஜூலை முதல் தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. ஆதலின் சேமநிதியைப் பெற்ற பின்னும் பால்மரம் வெட்டுவோர் உளர். அவர்தம் கூலியை இரட்டைக் கூலி என எவரும் கூறுவதில்லை. சேமநிதி நேற்றைய உழைப்பின் பயன். கூலி இன்றைய உழைப்பின் பயன். ஆசிரியரின் ஓய்வூதியமும் அவர் சேவையாற்றிய மாதங்களையும் இறுதிச் சம்பளத்தையும் கொண்டு கணக்கிடப்படுவதே.

அரசாங்க ஊழியரின் ஓய்வு வயதும் 55-லிருந்து 2001-இல் 56, 2008-இல் 58, 2012-இல் 60 என உயர்ந்தது. வயதால் மட்டும் ஒருவரின் ஆற்றல் குன்றிவிடுவதில்லை என்பதற்கு இதுவே சான்று.

ஆயினும், பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருக்கும் இளைஞரின் இடத்தை ஓய்வு பெற்றவர் கொள்ளுதல் தகாது. பிரசவ விடுப்பாலோ நோயாலோ ஆசிரியரின்றி நிற்கும் வகுப்பே அவருக்குரிய இடம். எழுத்துப் பழகும் முதலாம் ஆண்டுப் பிள்ளை மூன்று மாதம் ஆசிரியரின்றி இருந்தால், அவ்விழப்பை ஈடுசெய்வது கடினம்.

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வாழும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் இத்தொண்டுக்கு முன்வருவார்களாக. பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் வகுப்பில் ஆசிரியர் இருக்கிறாரா என்பதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் தவறாது கேளுங்கள்.