காமிராவும் சோறும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"டாகுமெண்டரி எடுத்தா சோறு கிடைக்குமா சார்?" என்று ஒரு தம்பி கேட்டார். உடனே கிடைக்காது தம்பி. எனக்குச் சோறு போட்டது கல்யாண வீடியோ!

நம் முன்னோடி, கோட்டையூர் ஏ.கே. செட்டியார். 1937-இல் கப்பல் பயணத்தில் காந்தியைப் பற்றிப் படமெடுக்கத் தீர்மானித்தார். உலகெங்கும் அலைந்து, பலர் எடுத்திருந்த 50,000 அடிப் படச்சுருளைத் திரட்டினார். 12,000 அடியாகத் தொகுத்து 1940-இல் வெளியிட்டார். அவர் தேடிப் போனார். நானோ பணம் சேரட்டும்னு காத்திருந்தேன். அதற்குள் எங்க ஊர்க் கூத்து வாத்தியார் காலமாகிவிட்டார். அந்தப் படத்தை இனி எடுக்க முடியாது.

தம்பி, சோற்றுக்கு ஒரு தொழில் வச்சுக்கோங்க. ஆனா, எடுக்க வேண்டியதை நாளைக்குன்னு தள்ளிப் போடாதீங்க.